மூன்றே கால் விமானம்

9 செப்டம்பர் 2003, செவ்வாய்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அஞ்சலட்டை நேற்று, திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்குக் கிடைத்தது. நாளையும் மாதத்தையும் எழுதிய நீ ஆண்டை எழுதவில்லை. அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, ஆகஸ்ட் 27, புதன் என்று உறுதி செய்துகொண்டேன். நீ என் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போனது 5 ஏப்ரல் 1992. அதன் பின் பதினோரு ஆண்டுகள், நான்கு மாதங்கள், இருபத்திரண்டு நாட்கள் கழித்து உன்னிடமிருந்து வரும் முதல் எழுத்து, நலமா என்ற ஒரு சொல்லும் இல்லாத ஒற்றைக் கேள்வி: “உங்கள் விமான நிலையத்துக்கும் எங்கள் விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?”

கேட்டது கேள்வி. ஆகவே பதில் எழுதுகிறேன்.

தூரம் 4,180 கிலோமீட்டர். சுவரில் தொங்கும் ஆசிய வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தால் வேறு எண் வரும், அதை நம்பாதே. ஒரு பூகோள உருண்டையை எடுத்து, உன் தையல் நூலில் ஒரு துண்டை இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இழுத்துப் பிடி. நூல் நேராகப் போகாமல் வடக்கே வளைந்து ஏறி இறங்குவதைக் காண்பாய். விமானமும் அந்த வழியில்தான் போகிறது. வளைந்ததுபோல் தோன்றும் அதுவே மிகக் குறுகிய பாதை.

நேரம் ஒன்றல்ல, இரண்டு. இங்கிருந்து அங்கே ஐந்து மணி ஐந்து நிமிடம். அங்கிருந்து இங்கே ஐந்து மணி ஐம்பது நிமிடம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓயாமல் வீசும் காற்றினால் இந்த நாற்பத்தைந்து நிமிட வேறுபாடு. உங்கள் கடிகாரம் எங்களுடையதைவிட இரண்டு மணி நேரம் முந்தியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எதற்காகக் கேட்டாய் என்று தெரிவித்தால் இன்னும் துல்லியமாகச் சொல்ல இயலும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

21 செப்டம்பர், ஞாயிறு (வருடம் 2003, போதுமா?)

அண்ணா,

நூலைப் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோலவே வளைந்தது. அந்த அளவில் உங்களை நம்பலாம்.

கீழே கடையில் மூன்று தையல் இயந்திரங்களும் ஓடுகின்றன. பள்ளிச் சீருடைக் காலம் முடிந்தும் ஏதோ ஒன்று வந்துகொண்டுதான் இருக்கிறது. நான்தான் ஓடுவதில்லை. பன்னிரண்டு படி ஏறுவதற்குள் நான்கு முறை நிற்கிறேன். இதயத்தில் ஒரு வால்வு இறுகிவிட்டதாம். நெஞ்சைப் பிளந்து புதிது வைக்க வேண்டுமாம். நவம்பர் 18 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அது என்ன கிழமை என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நான் அங்கே வரலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அதற்காகத்தான் உங்களிடம் தூரமும் நேரமும் கேட்டது. உங்கள் கடிதத்தை அப்படியே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, “அஞ்சு மணி அம்பது நிமிஷமா? உங்களுக்கு அம்பது நிமிஷமே அதிகம்மா” என்றார். பிறகு, “இதை எழுதினவர் யாரு, பொறியாளரா?” என்று விசாரித்தார். நேர அட்டவணையையே கட்டிக்கொண்டு, கல்யாணம் கட்டிக்கொள்ளாத என் அண்ணன் என்றேன்.

ஆகவே நீங்கள் வர வேண்டும். என் வீட்டுக்காரர் போய் நான்கு வருடம் ஆகிறது. மகள் இருக்கிறாள், கையெழுத்துப் போட, பணம் கட்ட, மருந்து வாங்க. ஆனால் நான் உள்ளே படுத்திருக்கும்போது வெளியே என் கூடப் பிறந்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று கேட்காதீர்கள். உங்களுக்குப் பட்டியல் போட்டுச் சொல்லும்படியான காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

கோபம் போய்விட்டதா என்று நினைக்க வேண்டாம். அது பத்திரமாக இருக்கிறது.

தங்கை

3 அக்டோபர் 2003, வெள்ளி

அன்புள்ள தங்கைக்கு,

நவம்பர் 18 செவ்வாய்க்கிழமை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படித்து முடித்தபின் மாற்று வழிகளை ஆராய்ந்தேன். இரண்டு இரவு ரயில், ஒரு கப்பல், மீண்டும் ரயில் என்று ஆறு நாட்களில் உன் ஊரை வந்தடையக்கூடிய ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறேன். கப்பல் வியாழக்கிழமைகளில் மட்டும் புறப்படும். என் முழங்காலும் இடது காதும் இதற்கு இடம் கொடுக்குமா என்பதைப் பார்க்க வேண்டும்.

மறைக்காமல் எழுதுகிறேன். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. விமான நிறுவனத்தின் நேர அட்டவணைப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆண்டுக்கு ஓர் இலவசப் பயணச் சீட்டு. முப்பத்து மூன்றையும் காலாவதியாக விட்டேன். சக ஊழியர்களிடம் அம்மாவைத் தனியே விட முடியாது என்று காரணம் சொன்னேன். உண்மை அதுவல்ல. எனக்குப் பயம். காகிதத்தில் ஓர் எண் பிசகுவது எத்தனை எளிது என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் எவரும் இருந்ததில்லை.

எண் பிசகியதைப் பற்றி எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இருமுறை மாறுகின்றன. கோடைக்கால அட்டவணை மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். 1992-இல் அந்த நாள் மார்ச் 29. முந்தைய நாள், சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நீ தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மாவைப் பார்க்க உடனே புறப்படுவதாகவும், மறுநாள் விமானம் எத்தனை மணிக்கு என்றும் கேட்டாய். சட்டைப் பையில் இருந்த குளிர்கால அட்டவணையைப் பார்த்து, பதினொன்று இருபத்தைந்து என்றேன். புதிய அட்டவணையின்படி அது ஒன்பது நாற்பதுக்கே புறப்பட்டுவிடும். அந்தப் புதிய அட்டவணையைத் தயாரித்தவன் நான். அச்சுப்படியைத் திருத்திக் கையெழுத்திட்டவனும் நான். பிப்ரவரி 11, செவ்வாய்.

நீ தாமதமாகப் போகவில்லை. இதைப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் எழுதுகிறேன்.

உன் அண்ணன்

14 அக்டோபர் 2003, செவ்வாய்

அண்ணா,

எனக்குத் தெரியும்.

அன்று காலை ஒன்பது முப்பத்தைந்துக்கே விமான நிலையத்தில் இருந்தேன், நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாக. கண்ணாடி வழியாக ஒரு விமானம் நகர்ந்து போவதைப் பார்த்து, பாவம், யாரோ ஊருக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். அதுதான் என் விமானம். கவுண்டரில் இருந்த பெண் புத்தம் புதிய அட்டவணையை எடுத்து, “இன்னியிலேர்ந்து மாத்திட்டாங்கம்மா” என்று விரலால் தொட்டுக் காட்டினாள். அச்சு மை வாசனைகூடப் போகவில்லை. இது யார் போட்ட அட்டவணை என்று எனக்குத் தெரியாதா?

தப்பு யாருக்கும் வரும். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்திருக்கிறேன் நான். அதற்காக உங்களோடு பேசாமல் இருப்பேனா?

தொலைபேசிச் சாவடியிலிருந்து உங்களைக் கூப்பிட்டேன். “விமானம் போயிடுச்சுண்ணா” என்று அழுதேன். நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? “உனக்காக அது காத்துக்கிட்டு நிக்குமா? நேரத்தோட போயிருக்கணும்.” அதுகூடப் போகட்டும். மறுநாள் நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூடம் நிறைய ஆட்கள். அத்தனை பேர் முன்னால் பெரியப்பாவிடம் சொன்னீர்கள், “இவ லேட்டா போய் விமானத்தை விட்டுட்டா” என்று. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் பெற்ற தாயின் சாவுக்கு நேரத்தோடு வராதவள்.

சரி, எழுதிவிட்டீர்கள். அதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று உங்கள் கையெழுத்தே சொல்கிறது. ‘திருத்தி’ என்ற சொல்லை இரண்டு முறை அடித்திருக்கிறீர்கள்.

இப்போது எனக்கு வேண்டியது வேறொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எப்படி இருந்தாள்? என்ன பேசினாள்? என்னைக் கேட்டாளா? உங்களைத் தவிர அந்த அறையில் யாரும் இல்லை. நீங்கள் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபத்தில் நானும் கேட்கவில்லை. பதினெட்டாம் தேதி என்னைத் தூங்க வைப்பதற்கு முன்னால் எனக்கு அது தெரிந்தாக வேண்டும். கப்பலில் வந்தால் நீங்கள் வந்து சேரும்போது நான் என்ன நிலையில் இருப்பேனோ. நேரில் வந்து உட்கார்ந்து சொல்லுங்கள்.

தங்கை

27 அக்டோபர் 2003, திங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. புறப்பாடு காலை 7.10. வருகை உங்கள் நேரப்படி பிற்பகல் 2.15.

நேற்று ஞாயிறு, அக்டோபர் 26. குளிர்கால அட்டவணை தொடங்கிய நாள். ஆகவே சனிக்கிழமை வாங்கிய பயணச் சீட்டை எடுத்துக்கொண்டு நேற்று விமான நிலையத்துக்கே போய்ச் சரிபார்த்தேன். இன்று காலை மறுபடியும் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்னைக் கண்டதும், “ஐயா, நேத்து சொன்ன அதே ஏழு பத்துதான். வேணும்னா என் கையில எழுதி ஒட்டிக்கிறேன்” என்றாள். அவளுக்குத் தெரியாது. நாளை மறுநாள் இன்னொரு முறை போவேன்.

உன் அண்ணன்

14 நவம்பர் 2003, வெள்ளி
விமானத்தில், இருக்கை 23, சன்னலோரம்

அன்புள்ள தங்கைக்கு,

இதை உன் கையில் நேரே கொடுப்பதற்காக எழுதுகிறேன். எழுத்து நடுங்கினால் விமானத்தைக் குறை சொல்லாதே. அது அசைவே இல்லாமல் போகிறது. நடுங்குவது நான்.

7.10-க்குப் பதில் 7.13-க்குப் புறப்பட்டோம். ஓடுபாதையில் விமானம் ஓடத் தொடங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சக்கரங்களின் ஓசை சட்டென்று நின்றது. ஏதோ பழுது என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தால் எங்கள் தெரு, அச்சுக் கோத்த பக்கம்போல, வரி வரியாகக் கீழே கிடந்தது. அதில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது.

மேகத்துக்கு மேலே வெயில் இருக்கிறது, தங்கையே. இது எல்லாரும் அறிந்த செய்தி, நானும் அறிவேன். ஆனால் பார்த்ததில்லை. கீழே தூறலில் குடையோடு வந்தேன். இங்கே மழை என்பதே கேள்விப்படாத ஓர் உலகம் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கிறது. எங்கள் விமானத்தின் நிழல் அந்த வெண்மையின் மேல் ஓடிவருகிறது. அந்த நிழலைச் சுற்றி ஒரு வானவில். அரை வட்டம் அல்ல, முழு வட்டம். வளையலுக்குள் வைத்த பொம்மைபோல விமானம் அதற்குள் இருக்கிறது. மேகம் பள்ளமானால் அதுவும் இறங்குகிறது, மேடானால் ஏறுகிறது, எங்களை விட்டுப் பிரியவில்லை.

9.20. மேகம் விலகியது. நூல் வளையும் என்று உனக்கு எழுதினேனே, அந்த வளைவின் உச்சியில் இருக்கிறோம். இடது பக்கம் முழுவதும் பனி மலைகள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி நாற்பதில் கைவிட்டேன். மனிதன் கால் வைத்திருக்கவே முடியாத முகடுகள், அவற்றுக்கிடையே நீல நிழல்கள், ஒரு பள்ளத்தாக்கில் பொட்டுபோல உறைந்த ஏரி. இருபத்தாறு நிமிடங்கள் அந்த மலைகள் ஓயவில்லை. பக்கத்து இருக்கையில் தண்ணீர் பம்பு விற்பவர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. தட்டி எழுப்பிக் கீழே பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “மலைதானே சார்? அடுத்த வாரம் திரும்பும்போதும் அங்கேயேதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முன்னால் இருக்கும் சிறிய திரை சொல்கிறது: மணிக்கு 905 கிலோமீட்டர் வேகம், வெளியே உறைநிலைக்குக் கீழே 54 பாகை. என் தட்டில் தேநீர்க் கோப்பை இருக்கிறது. அதன் மேற்பரப்பில் ஓர் அலைகூட இல்லை.

ஐந்து மணி ஐந்து நிமிடம் என்று எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன். புறப்பாட்டுக்கு ஒரு கட்டம், வருகைக்கு ஒரு கட்டம். இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு. இத்தனை மலைகளும் அந்தக் கோட்டுக்குள் இருந்திருக்கின்றன. முப்பத்து மூன்று ஆண்டுகள் அதை அளவுகோல் வைத்து இழுத்தவன் நான்.

10.40. கீழே கடல். கரை கண்ணுக்கு எட்டவில்லை. நேரில் சொல் என்றாய். என் வாய் அதற்கு உதவாது என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்த்தால் நாள், கிழமை, மணி என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். இங்கே, தரையிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும்போது எழுதிவிடுகிறேன்.

அந்த ஞாயிறு காலை, எங்கள் நேரப்படி எட்டு மணிக்கு, நீ சாவடியிலிருந்து பேசினாய். ஒன்பது நாற்பது என்று நீ சொன்ன மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பின்தான் உன்னை அப்படிக் கடிந்துகொண்டேன். தொலைபேசியை வைத்துவிட்டு அறைக்குள் போனேன். அம்மா விழித்திருந்தாள். “அவ எத்தனை மணிக்கு வர்றா?” என்று கேட்டாள். அன்று நீ வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். “மூணே காலுக்கும்மா” என்றேன். பழைய அட்டவணையில் உன் விமானம் எங்கள் ஊரில் இறங்கும் நேரம். வாயில் அதுதான் வந்தது.

அதன் பின் ஒன்பது முறை கேட்டாள். ஒன்பது முறையும் மூணே கால் என்றேன். தலை சீவிவிடச் சொன்னாள். படுக்கை விரிப்பை மாற்றச் சொன்னாள். நண்பகலில் மூச்சு மிகவும் தளர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு மருத்துவர் நாடி பார்த்துவிட்டு, இனி மணிக்கணக்கு அல்ல, நிமிடக் கணக்கு என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிப் போனார். அப்போது மணி பன்னிரண்டு பத்து.

நம் வீட்டின் மேலே விமானங்கள் தாழ்ந்து இறங்கும்போது அலமாரியில் டம்ளர்கள் அதிரும், நினைவிருக்கிறதா? ஒன்று இருபத்து நான்குக்கு அதிர்ந்தன. நீ இல்லாமல் வந்த உன் விமானம் அது. அம்மா கண்ணைத் திறந்து, “இதா?” என்றாள். “இது இல்லம்மா” என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். நிமிடக் கணக்கு என்று மருத்துவர் சொன்ன அந்த உயிர் அதற்குப் பிறகும் ஒரு மணி நாற்பத்தேழு நிமிடம் காத்திருந்தது. நான் சொன்ன ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

மூன்று பதினொன்றுக்கு மறுபடி அதிர்ந்தது. அது எதிர்த் திசையிலிருந்து இயந்திரச் சாமான்கள் ஏற்றிவரும் சரக்கு விமானம். பயணிகள் எவரும் அதில் வர மாட்டார்கள். அம்மா, “இது அவதானே?” என்றாள். கேள்விபோல் கேட்கவில்லை. நான், “அவதாம்மா. இறங்கிட்டா” என்றேன். அம்மாவின் முகம் முழுவதும் சிரிப்பு வந்தது. “வாலு. பசியோட வருவா, ஏதாவது எடுத்து வை” என்றாள். கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைக்கச் சொன்னாள். வைத்தேன். நீ வீடு வந்து சேரத் தேவைப்படும் இருபத்தைந்து நிமிடமும் கதவைப் பார்த்தபடியே இருந்தாள். மூன்று நாற்பதுக்குப் பார்வை நின்றது. சிரிப்பு அப்படியே இருந்தது.

அன்று நான் இரண்டு பேரிடம் பொய் சொன்னேன். உன்னிடம் சொன்னதற்காக வெட்கப்படுகிறேன். அம்மாவிடம் சொன்னதைப் பற்றி இன்றுவரை எந்த முடிவுக்கும் வர இயலவில்லை. நீ அமர வேண்டிய இடத்தில் ஒரு சரக்கு விமானத்தை அமர்த்திவிட்டேன் என்று நீ சொல்வாய் என்றே இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

உயரம் குறைகிறது. காது அடைக்கிறது. கீழே உன் ஊர் தெரியத் தொடங்கிவிட்டது. இத்தனை கூரைகளில் ஒன்றின் கீழ் நீ இருக்கிறாய் என்பது எனக்கு இப்போது பெரிய வியப்பாக இருக்கிறது.

அண்ணன்

26 நவம்பர் 2003, புதன்
மருத்துவமனை, மூன்றாம் மாடி

அண்ணா,

நீங்கள் இப்போது வெளியே தாழ்வாரத்தில், அந்த ஆடும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். பார்வையாளர் நேரம் நான்கு மணிக்குத்தான். அதற்குள் இதை எழுதி நர்ஸிடம் கொடுத்தனுப்பலாம் என்று எடுத்தேன். சத்தமாகப் பேசினால் நெஞ்சு வலிக்கிறது. மேலும், பேசினால் நீங்கள் நடுவில் கிழமை சொல்வீர்கள்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பதினான்காம் தேதி நீங்கள் என் கையில் கொடுத்த கடிதத்தை நான் படிக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்ததுமே அதில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று தெரிந்துவிட்டது. உறையோடு தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். திரும்பி வராவிட்டால் அம்மாவிடமே நேரில் கேட்டுக்கொள்வேன். வந்தால் படிக்க ஒன்று மிச்சம் இருக்கும், அதற்காகவாவது வருவேன் என்று ஒரு கணக்கு. உங்கள் தங்கைதானே நான். பன்னிரண்டு நாளாக, நான் ஏதாவது சொல்வேனா என்று என் முகத்தையே பார்த்து முழித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரித்தால் தையல் வலிக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

என் இதயத்தை ஒரு மணி நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்திருந்தார்களாம். அந்த நேரம் முழுவதும் ஒரு இயந்திரம்தான் எனக்காக ஓடியிருக்கிறது. நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது. காலை எட்டு மணியிலிருந்து இரண்டரை வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நீங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னாள்.

இன்று காலை உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். மலைகள் வரும் இடத்தை இரண்டு முறை படித்தேன். அந்தப் பம்புக்காரரை நானும் சேர்ந்து திட்டினேன். பிறகு அம்மா வந்தாள்.

அண்ணா, முடிவுக்கு வர இயலவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் முடித்துத் தருகிறேன். பதினோரு வருடமாக நான் போய்ச் சேராத மகளாகவே நடமாடிக்கொண்டிருந்தேன். கனவில்கூட அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று விமானம் நகர்வதைத்தான் பார்ப்பேன். நம் வீட்டில் அந்த அறையில் நடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அம்மாவுக்கு நான் வரவில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. அவள் கணக்கில் நான் மூன்று பதினொன்றுக்கு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பசியோடு வந்துகொண்டிருந்தேன். அவள் சிரித்தது என்னைப் பார்த்து. சரக்கு விமானமோ எதுவோ, நீங்கள் என்னை ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள்.

இந்த இடம் வரை எழுதும்போது நர்ஸ் வந்து பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். “என்னம்மா இது, அழலாமா? தையல் பிரிஞ்சிடும்” என்றாள்.

“அழலம்மா” என்றேன். “இப்பத்தான் ஊர் வந்து சேர்ந்தேன்.”

தங்கை